வரைபடத்தில் இல்லாத கைபேசி

கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் பதுளைக்கு வந்து ஸவாஹிராவிடமே கேட்டுப் பார்க்கலாம். நேரத்தைக்கூட நிமிடம் பிசகாமல் சொல்வாள். ஆனால் ஒரு தடவைக்கு மேல் சொல்ல மாட்டாள்.

பஜாரில் ஒரு துணிக்கடையின் மாடியில்தான் அவள் வேலை பார்க்கும் கணினி அலுவலகம். முதலாளி வாஹித், பழைய சாமானைத் தூக்கிப் போட மனசு வராத மனிதர். தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, மண்சரிவு எச்சரிக்கை கொடுப்பதுதான் அவர்கள் தொழில். மலையில் மழை கூடினால் லயத்துச் சங்கு தானாகவே ஊதும். போன மாதம் எங்கோ ஒரு சின்ன மென்பொருள் நின்றுபோய், சங்கும் மூன்று மணி நேரம் ஊமையாகக் கிடந்தது. ஏன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எது எதை நம்பி ஓடுகிறது, எது நின்றால் எதெல்லாம் நிற்கும் என்று ஒரு வரைபடம் போடும் வேலை அப்போதுதான் ஸவாஹிராவின் தலையில் விழுந்தது. ஒவ்வொன்றாக நிறுத்துவாள். எது விழுகிறது என்று பார்ப்பாள். கோடு போடுவாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. அலமாரிக்குள் ஒரு பழைய பொத்தான் கைபேசி, கணினியோடு வயரில் தொங்கியது. வரைபடத்தில் அது இல்லை. அண்ணன் முறையில் நானா என்று அழைக்கும் வாஹித்திடமே கேட்டாள்.

“நானா, இது என்னத்துக்கு ஈக்கிற?”

“அது அந்தக் காலத்து சாமான். கருப்பம்மான்டு ஒரு பொம்புள தோட்டத்துல மழைப் போத்தல் பாத்தா. எழுதப் படிக்கத் தெரியா. போத்தல்ல ஒரு கோடு ஏறினா ஒரு மிஸ்ட் கோல். ஏழு வந்தா சங்கு ஊதும். இப்பதான் மலையில மழை அளக்கிற மெஷின் ஈக்கே. களட்டிப் பாரு.”

வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

பிற்பகல் 1.10. கழற்றினாள். பேட்டரி செத்த கைபேசி உடனே அணைந்தது. வேறெதுவும் நிற்கவில்லை. திரையில் எல்லாம் பச்சை. மலை மெஷின், மழை பூச்சியம் என்றது. நிம்மதியாகத் தொழுதுவிட்டுச் சாப்பிடப் போனாள்.

2.25. திரும்பி வந்து வயரைச் செருகினாள்.

கைபேசி அதிர்ந்தது. ஒரு குறுஞ்செய்தி. அணைந்திருந்த நேரத்தில் ஏழு அழைப்புகள். கடைசி அழைப்பு 1.58. பெயர், கருப்பம்மா.

கணினி எத்தனை எண்ணியிருக்கிறது என்று பார்த்தாள். ஒன்றுமில்லை. அடித்த மணியை மட்டும்தான் அது எண்ணும்.

சங்கு ஊதவில்லை...

2.27. தோட்டத் தலைவர் சிவஞானத்துக்கு அழைத்தாள்.

“தலைவரே, அங்க மழையா?”

“லயத்துல வெறும் தூத்தல்தான் மிஸ். மேல மலை தெரியல. மூடிக் கெடக்கு.”

“கருப்பம்மா ஏழு கோல் தந்தீக்கிறாங்க.”



“அவங்க செத்து ரெண்டு வருசமாச்சுங்க. போனையும் கூட வச்சுத்தான் பொதைச்சோம்.”



ட்ரிங்...

அந்தப் பழைய கைபேசியில் ஒரே ஒரு மணி. எட்டு.

சிவஞானத்துக்கும் கேட்டிருக்கும்.

“அவங்க சும்மா கூப்புட்ற மனுசி இல்ல. நா சனத்தக் கெளப்புறேன்.”

2.52. அவரே அழைத்தார். மூச்சு வாங்கியது.

“எல்லாரும் கோயிலுக்கு ஏறிட்டாங்க மிஸ். பெரியாயி கெழவிய மட்டும் காணோம். லயத்துல பாத்துட்டு வந்திர்றேன்.”

“போகாதீங்க!”

போனை அணைக்காமலே ஓடினார்.

காலடிச் சத்தம்... நாய்... பிறகு, லொறி லொறியாகக் கல் கொட்டுகிற சத்தம்.

2.58. ஒன்றுமில்லை.

பெரியாயி முன்னமே கோயில் மூலையில், குளிருக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு இருந்திருக்கிறாள். நாற்பத்தொரு குடும்பம் தப்பியது. சிவஞானத்தின் உடலை மூன்றாம் நாள் எடுத்தார்கள். போன் கிடைக்கவில்லை.

மலை மெஷினின் வயரை எலி கடித்து இரண்டு வருடமாவது இருக்கும் என்றார்கள், பிறகு அதைப் பார்த்தவர்கள். அந்த இரண்டு வருடத்தில் சங்கு நான்கு முறை ஊதியிருக்கிறது. நான்கும் அந்தக் கைபேசியால்தான். வாஹித் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தான் வயரைக் கழற்றாதிருந்தால் 1.58க்கே சங்கு ஊதியிருக்கும், அந்த மனிதர் உயிரோடு இருந்திருப்பார் என்று ஸவாஹிரா அழாத நாளில்லை.

கருப்பம்மாவின் இலக்கத்திலிருந்து பிறகு அழைப்பே வரவில்லை.

சிவஞானத்தின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள். காலை 11.15.

ட்ரிங்...

அலமாரியைத் திறந்தாள். திரையில் பெயரில்லை, இலக்கம் மட்டும். அது அவளுக்கு மனப்பாடம்.

சிவஞானம்.

கருப்பம்மாவின் மகளிடம் கேட்டாள், வாஹித்திடம் கேட்டாள், தோட்டத்தில் எல்லோரிடமும் கேட்டாள். அந்தப் பழைய கைபேசியின் இலக்கத்தைக் கருப்பம்மாவைத் தவிர வேறு யாருக்கும் கொடுத்ததில்லையாம்.