காலி கேமரா

இந்த விஷயம் என் ரூம்மேட் முருகேசனைத் தவிர யாருக்கும் தெரியாது.

துபாயில் ஒரு குளிர்காலக் கண்காட்சியில், ஆப்பிரிக்கப் பழங்குடிகளான மசாய்களின் கிராமம் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். மண்குடிசைகள், முள்வேலி, கென்யாவிலிருந்து காண்ட்ராக்ட்டில் வந்த நான்கைந்து மசாய் ஆட்கள். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சோனாப்பூர் லேபர் கேம்ப்பிலிருந்து நாங்கள் இருவரும் போனோம். அவர்களில் ஒருவரிடம் சிவப்புப் போர்வையையும் ஈட்டியையும் வாங்கிக்கொண்டு விதவிதமாக நின்றேன். என் கேமராவில் ஃபிலிம் ரோல் தீரும்வரை முருகேசன் எடுத்தான்.

போர்வையைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த மனிதர் என் சட்டையைத் தொட்டார். "பாய், ஏக் போட்டோ" என்றார். அந்தச் சட்டையில் ஒரு போட்டோ எடுத்து, ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்ப வேண்டுமாம். சட்டையைக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு, வேலிக்கு வெளியே நின்ற யாருடைய காரின் மீதோ கை வைத்து நின்றார். நாங்கள் ஊருக்கு அனுப்பும் போட்டோக்களிலும் அப்படித்தான் நிற்போம்.

"ரோலு முடிஞ்சிருச்சுப்பா, சொல்லிரு" என்றான் முருகேசன் காதோடு.

எனக்கு வாய் வரவில்லை. "அடுத்த வெள்ளிக்கிழமை எடுத்துக் குடுத்துரலாம்டா" என்று கேமராவை வாங்கி, பட்டனை அழுத்துவதுபோல் விரலை அசைத்தேன். அவர் சட்டையைக் கழற்றித் தந்து, அம்மாவின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். அவர்களுடைய சூப்பர்வைசர் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்திக் கத்தவும், கூட்டத்துக்கு முன் நடனம் ஆட ஓடினார்.

அடுத்த இரண்டு வெள்ளியும் எனக்கு சைட்டில் டூட்டி. ஃபோர்மேனிடம் கெஞ்சியும் லீவு கிடைக்கவில்லை. மூன்றாவது வாரம் புது ரோலோடு போனால், கண்காட்சி முடிந்து வெறும் மணல்தான் கிடந்தது.

விலாசம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தத் தாய்க்கு அனுப்ப என்னிடம் இருப்பதெல்லாம், அவர் மகனுடைய போர்வையில் நான் சிரிக்கிற போட்டோக்கள்தான்.