நடுக்கடலில் நான் சொன்ன டென்னிஸ் ஆட்டம்

போன வருசம் ஜனவரி மாதக் கடைசி ஞாயிறு, யாழ்ப்பாணக் கடலில கிடக்கிற நெடுந்தீவிலயிருந்து குறிகட்டுவான் துறைக்கு வாற மத்தியானப் படகிலதான் இது நடந்தது. என்ர மனுசியின்ர சொந்தத்தில கலியாணவீடு. தாலி கட்டி முடிஞ்ச கையோட, முதல் பந்தியில ரெண்டு வாய் அள்ளிப் போட்டிட்டு எழும்பி ஓடிவந்தனான். எதையும் பாதியில விட்டிட்டு ஓடுறவன் எண்டு மனுசிக்கு என்னில எப்பவும் குறை, அண்டைக்குப் பார்த்த பார்வையைச் சொல்லத் தேவையில்லை. என்ன செய்யிறது, அண்டைக்கு அவுஸ்திரேலியாவில டென்னிஸ் இறுதியாட்டம். பதினைஞ்சு வருசமா நான் உயிரை விட்டுப் பார்க்கிற ஆள் விளையாடுறார், இதுவே கடைசித் தடவையாயும் இருக்கலாம். எப்பிடியாவது புங்குடுதீவு வீட்டை போய் ரீவிக்கு முன்னால குந்திப்போடவேணும்.

எனக்கு டென்னிஸில எவ்வளவு பைத்தியமோ, அதை ஒளிபரப்புறவையில கோபமும் அவ்வளவு. அந்த ரெண்டு கிழமையும் அந்த மனுசன்ர முழங்காலையும் வயசையும் பற்றித்தான் கதை. ஆட்டத்தை வெண்டிட்டுப் பேட்டிக்கு வந்து இருந்தாலும், எப்ப நிப்பாட்டப் போறீங்கள் எண்டுதான் கேக்கினம். வர்ணனை சொல்லுறவை பந்து பறக்கேக்கயும் வாய் மூடமாட்டினம். ரீவியோட நான் பிடிக்கிற சண்டை பக்கத்து வளவுக்கும் கேக்கும்.

படகு வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரம்தான் வந்திருக்கும், இறங்குதுறையில நிண்டு ஆரோ சீலையை வீசிக் காட்டினம். எங்கட பக்கத்தில அப்பிடிக் காட்டினால் கேள்வி கேளாமல் படகைத் திருப்பிறதுதான். ஒண்டில் நோயாளி, இல்லாட்டி செத்தவீடு. எனக்கு விசர் பிடிச்ச கோவம். “இனி மட்ச் பார்த்த மாதிரித்தான்” எண்டு, படகு திரும்பிப் போய்க் கரையில அணையும் வரைக்கும் புறுபுறுத்துக்கொண்டு இருந்தனான்.

ஏத்தினது ஒரு பிள்ளைத்தாய்ச்சியை. இன்னும் மூண்டு கிழமை கிடக்க நோ துவங்கிட்டுதாம். ஆஸ்பத்திரிப் படகு வேற நோயாளியோட முதலே போயிட்டுது. புருசன் வவுனியாவில வேலை. துணைக்கு வந்தது ஒரு தாதி மட்டும். நான் இருந்த வாங்கிலதான் அவவைப் படுக்க வைச்சினம். நான் எழும்பி, கால்மாட்டுப் பக்கம் போக வெக்கப்பட்டு, தலைமாட்டில கீழ குந்தினன்.

அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சொல்லிச்சுது, “அண்ணை, என்னாலதானே பிந்தினது. அந்த மட்ச்சை இதில போடுங்கோ, நானும் கேக்கிறன்.”

நான் புறுபுறுத்தது கரையில காத்துக்கொண்டு கிடந்த அவவுக்குக் கேட்டிருக்கு. நிலம் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நிம்மதியா இருந்திருக்கும். போனில ஆட்டத்தைப் போட்டன். ஆட்டம் துவங்கிட்டுது. பந்து அடிபடுற சத்தம், பிறகு ஒரு அமைதி, பிறகு கைதட்டல். இங்கிலீசில சொல்லுறதை நான் தமிழில சொல்லிக்கொண்டு வந்தனான். நோ வரேக்க அவ வாங்கின்ர விளிம்பைப் பிடிப்பா, கைதட்டல் வரேக்க மூச்சை விடுவா. காத்தில்லாத கடல். டென்னிஸ் திடலின்ர நீலத் தரை போனுக்குள்ள, வெளியில இன்னொரு நீலம். எனக்கு ரெண்டும் ஒண்டாக் கலந்துபோச்சுது.

நடுக்கடலில சிக்னல் நிண்டுபோச்சுது. எங்கட ஆள் பந்தை மேல எறிஞ்சபடி அப்பிடியே உறைஞ்சு நிக்கிறார்.

“ஏன் நிப்பாட்டினனீங்கள்?” எண்டு அவ கேட்டா. குரல் உடைஞ்சுபோச்சுது.

தாதி என்ர தோளில தட்டினா. “நிப்பாட்டாதேங்கோ அண்ணை. அவ அதைப் பிடிச்சுக்கொண்டுதான் மூச்சு விடுறா. என்னத்தையாவது சொல்லுங்கோ. கரைக்குப் போகுமட்டும் தாங்கோணும்.”

சொல்லத் துவங்கினன். பந்து இறங்குது, அடிக்கிறார், மற்றவர் ஓடி எடுக்கிறார், கோட்டில விழுது. முழுக்கப் பொய். டென்னிஸில ஒரு வசதி, ரெண்டு பேரும் நாற்பதில சமமா நிண்டால், ஒராள் தொடர்ந்து ரெண்டு புள்ளி எடுக்குமட்டும் அந்தக் கட்டம் முடியாது. ஒராளுக்கு ஒண்டு குடுப்பன், அடுத்ததை மற்றவருக்குக் குடுத்திடுவன். திரும்பவும் சமம். கரை தெரியேல்லை, திரும்பவும் சமம். எத்தினை தரம் சொன்னனோ தெரியாது. இயந்திரச் சத்தம்கூட எங்கயோ தூரத்தில கேக்கிற மாதிரி இருந்தது. ஒரு கட்டத்தில நானே அதை நம்பத் துவங்கிட்டன். அந்த மனுசன் நிண்டு பந்தைத் தட்டுறது உண்மையாவே தெரிஞ்சுது.

குறிகட்டுவானில அம்புலன்ஸ் நிண்டது. தூக்கிக்கொண்டு போகேக்க அவ தலையைத் திருப்பினா.

“ஆர் அண்ணை வெண்டது?”

“இன்னும் முடியேல்லைத் தங்கச்சி. நீர் போயிட்டு வாரும்.”

போனில சிக்னல் வந்திருந்தது, நான் பார்க்கேல்லை. இறங்குதுறைக் கட்டில இருந்து, ஆரும் காணாமல் அழுதனான். அண்டு பின்னேரம் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில பொம்பிளைப் பிள்ளை பிறந்ததாம், தாயும் பிள்ளையும் சுகமாம் எண்டு அடுத்த கிழமை படகோட்டிதான் சொன்னவர்.

எங்கட ஆள் அண்டைக்கு மூண்டு செற்றில ஒண்டுகூட எடுக்காமல் தோத்துப்போனார், அது உலகத்துக்கே தெரியும். ஆனா கரை தெரியுமட்டும் அவரை நான் தோக்க விடாமல் வைச்சிருந்த அந்த ஆட்டம்தான், என்ர வாழ்க்கையில நான் விட்டிட்டு எழும்பி ஓடாத ஒரே காரியம் எண்டு இப்பவும் நினைக்கிறன்.