பதினாறு இன்ச் போதும்

மலையை விட்டு இறங்க மாட்டேன் என்று நான் அறிவித்தபோது, கலசப்பாக்கத்தில் அக்கா வீட்டுக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தேன். வீர வசனத்துக்குத் தோதான நிலை இல்லை. வலது கையைக் காதுவரைகூடத் தூக்க முடியவில்லை. அந்த மழைக்காலத்தில் ஈர விறகைக் கோடாரியால் பிளக்கப் போய், விறகு அப்படியே இருக்க, தோள்பட்டை மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டது. இனிக் கோடாரியைத் தொடவே கூடாது என்றார் வைத்தியர். அவர் வருத்தத்தோடு சொன்னதை அக்கா பெரும் திருப்தியோடு திருப்பிச் சொன்னாள்.

"கேட்டுக்கினியா? கோடாரி கூடாதுன்ட்டாரு. மேல போயி விறகுக்கு இன்னா பண்ணுவ? உன் புஸ்தகத்தக் கொளுத்தி வெந்நீ காய வெப்பியா?"

"அதுக்குத்தான் இத்தினி வருஷமா சேத்து வெச்சிருக்கேன்."

"சிரிக்காத. நான் ஒண்ணும் ஜோக்கு சொல்லல."

நானும் மனைவியும் ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சரிவில் ஓட்டு வீடு ஒன்றில் இருக்கிறோம். நகரத்து வேலையை விட்டுவிட்டு, பத்திரிகைகளுக்கு நகைச்சுவை எழுதிக் காலம் தள்ளலாம் என்று ஏறி வந்தவன் நான். குடும்பத்தில் என் நகைச்சுவையைப் படித்துச் சிரித்தவர்கள் குறைவு, நான் மலையேறியதைப் பார்த்துச் சிரித்தவர்கள் அதிகம். வீட்டில் கேஸ் அடுப்பு உண்டு. ஆனால் மழை பிடித்து மலைப்பாதையில் மண் சரிந்தால் சிலிண்டர் வண்டி அடிவாரத்தோடு நின்றுவிடும். குளிரோ நிற்காமல் மேலே வந்துவிடும். விறகு இல்லையென்றால் அங்கே மழைக்காலத்தைக் கடக்க முடியாது. இது அக்காவுக்கும் தெரியும். அதனால்தான் பிடியை அங்கே போட்டாள்.

"அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னால, ஒரு மழைக்காலத்துக்கான விறக நீயே அறுத்து அடுக்கு. கூலிக்கு ஆள் வெக்கக் கூடாது. நான் வந்து பாப்பேன். முடிஞ்சா இனிமே நான் வாயத் தொறக்க மாட்டேன். முடியலன்னா வூட்ட வித்துட்டு ரெண்டு பேரும் கீழ வந்துடணும்."

நான் யோசிப்பதற்குள் கதவருகில் நின்றிருந்த என் மனைவி, "சரி அண்ணி" என்றாள். வலிக்கிற தோள் என்னுடையது, சவால் அவளுடையது. ஆனாலும் அந்த நிமிடத்தில் அவளை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆடிக் காற்றில் எங்கள் பட்டா நிலத்து ஓரத்துப் புளியமரம் ஒன்று வேரோடு சாய்ந்தது. நன்றாகக் காய்க்கிற மரம். வருத்தம்தான். அழுதுகொண்டே அளந்தும் பார்த்தேன், ஒரு மழைக்காலத்துக்குத் தாராளமாகப் போதும். புளியங்கட்டை இரும்பு மாதிரி. கைரம்பத்தால் ஒரு கிளையை அறுப்பதற்குள் கோடாரியே தேவலை என்று தோள் சொல்லிவிடும். ஆகவே செயின்சா.

செயின்சா வாங்குவது பற்றி எனக்குத் தெரிந்தது, அதற்குச் செயின் உண்டு என்பது மட்டும். தெரியாத விஷயத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று நம்புகிற வம்சம் என்னுடையது. போனில் சிக்னல் கிடைக்கும் பாறை மேல் உட்கார்ந்து மெஷின்களைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்துத் தள்ளினேன். இரும்பு பூட்ஸும் ஆரஞ்சு தொப்பியும் போட்ட ஆசாமிகள் பனிக்காட்டில் கோபுரம் போன்ற மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். ஒருவருக்கும் தோள்வலி இல்லை. ஒருவருடைய அக்காவும் பின்னால் நிற்கவில்லை. எனக்கு உதவாத ஆராய்ச்சி.

கரண்டில் ஓடும் மெஷின் சத்தமில்லாதது, எடை குறைந்தது. ஆனால் எங்கள் ஊரில் ஒரு மேகம் கறுத்தாலே கரண்ட் போய்விடும். வயரும் மரம் விழுந்த இடம்வரை எட்டாது. பேட்டரி மெஷினுக்கும் அதே கரண்ட்டில்தான் சார்ஜ் ஏற வேண்டும். ஆகப் பெட்ரோல்தான் என்று முடிவு செய்தேன். சத்தம் ஒன்றுதான் தொல்லை. எங்கள் மலையில் செயின்சா சத்தம் கேட்டால் முதலில் திரும்புவது வனக்காவலரின் பைக். முன்கூட்டியே போய்ச் சொல்லி வைத்தேன்.

"புளியமரம் தானே சார்? சந்தன மரம் இல்லியே?" என்றார்.

"என் நிலத்துல சந்தனம் இருந்தா நான் ஏன் சார் நகைச்சுவை எழுதிக்கினு இருக்கேன்?"

அவர் சிரித்தார். அந்த வருடம் எனக்குக் கிடைத்த நல்ல விமர்சனம் அது ஒன்றுதான்.

பஸ் பிடித்து, மலை இறங்கி, போளூர்ப் பக்கம் ஒரு விவசாயக் கருவிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி, ஜோல்னா பை, கொஞ்சம் தொங்கும் வலது தோள். பார்த்த மாத்திரத்தில் என்னிடம் இல்லாத எல்லாவற்றையும் ஈடுகட்டும் ஒரு மெஷினை எடுத்து வைத்தார்.

"இருபத்திரெண்டு இன்ச்சு பாரு சார். இந்தப் பக்கம் எல்லாரும் இதான் எடுக்கறாங்க. ஆம்பளைங்க மெஷினு."

பார் என்பது செயின் சுற்றி ஓடும் அந்த நீட்டுத் தகடு. தூக்கிப் பார்த்தேன். என் ஆண்மை உடனடியாக முழங்கால் பக்கம் இறங்கியது.

"சின்னது காட்டுங்க."

"பதினாறு கீது. அது லேடீசு எடுப்பாங்க, கெள கழிக்க."

"அப்ப அதையே குடுங்க."

"புளியமரம்ன்றீங்களே சார். அடிமரம் பெருசா இருக்குமே."

"ரெண்டு பக்கத்துலேர்ந்தும் அறுத்தா பதினாறு முப்பத்திரெண்டாயிடும்ங்க. கணக்குல நான் வீக்குதான், ஆனா இது வரும்."

அவர் அதை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தார். நான் அடுத்த கோரிக்கையை வைத்தேன். "ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க. இல்ல, வேணாம். நானே பண்றேன்."

"பெட்ரோல் ஊத்திட்டா பழைய மெஷினு ஆயிடும் சார். இப்பிடி யாரும் ஓட்டிப் பாக்கணும்னு கேக்க மாட்டாங்க."

"நான் கேக்கறேன்."

பாறை மேல் உட்கார்ந்து நான் கற்றதில் உருப்படியானது இது ஒன்றுதான். பெயர் பெரிதா, குதிரைசக்தி எத்தனை என்பதெல்லாம் பெட்டியில் அச்சடித்தவனின் கவலை. என் கவலை வேறு. குளிர்ந்து கிடக்கும் மெஷினின் கயிற்றை என் இடது கையால் இழுத்தால் அது உயிர் பெறுமா? கெட்டுப்போனால் ஒரு நாளில் பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்தில் அதைப் பிரித்துப் பார்க்க ஆள் உண்டா? செயினும் பிளக்கும் இதே கடையில் கிடைக்குமா? நம்பகம் என்பது எனக்கு அவ்வளவுதான். மனிதர்களிடமும் இதைக் கேட்டுப் பழகியிருந்தால் பல நட்புகளை மிச்சப்படுத்தியிருப்பேன்.

கடைக்காரர் பெருமூச்சு விட்டு, பெட்ரோலில் டூ-டி ஆயிலைக் கலந்து ஊற்றினார். மெஷினைத் தரையில் வைத்து, பின்கைப்பிடியைக் காலால் மிதித்து, இடது கையால் இழுத்தேன். முதலில் இருமியது. பிறகு ஒரு இழுப்பில் பிடித்துக்கொண்டது. தெருநாய்கள் ஓடின. கடைக்காரர் முன்கைப்பிடிக்கு எதிரே நிற்கும் பிளாஸ்டிக் தடுப்பைத் தட்டிக் காட்டினார்.

"இது பிரேக்கு சார். முன்னால தள்ளினா செயினு நின்னுடும். பின்னால இழுத்தா ஓடும். இத மட்டும் மறந்துடாதீங்க."

"மறக்க மாட்டேன்" என்றேன். நான் மறக்கவும் இல்லை. நடந்தது வேறு.

மெஷினோடு கொடுத்த சின்னப் புத்தகத்தைப் பஸ்ஸிலேயே படித்து முடித்தேன். தோள் உயரத்துக்கு மேல் மெஷினைத் தூக்காதே என்று அதில் போட்டிருந்தது. என் வைத்தியரும் அதையேதான் சொல்லியிருந்தார். வாழ்க்கையில் இரண்டு அதிகாரங்கள் என் விஷயத்தில் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை.

மரத்தைத் தொடும் நாளை அக்காவுக்குச் சொல்லி அனுப்பினோம். அவள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பை. அதில் கற்பூரம், எலுமிச்சம்பழம், அடர்த்தியாகத் தொடுத்த கதம்பச் சரம். சாட்சியாக வந்தவள் சாமானோடு வந்ததில் எனக்கு ஆச்சரியம். ஆனால் எங்கள் வீட்டு ஆட்கள் அப்படித்தான். தம்பி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே, தம்பி வாங்கிய புது மெஷினுக்குப் பூசை போடாமல் விடமாட்டார்கள். மிக்ஸி வாங்கினாலே சந்தனம் குங்குமம் இல்லாமல் சட்னி அரைக்காத குடும்பம்.

மெஷினை ஒரு பலகையில் வைத்தாள். டேங்குக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். சரத்தை எங்கே சுற்றுவது என்று யோசித்தாள். பைக்குக்கு ஹேண்டில்பார் இருக்கிறது, லாரிக்கு முகப்பு இருக்கிறது. செயின்சாவில் பூ வைக்க லட்சணமாக நிமிர்ந்து நிற்பது அந்தத் தடுப்பு ஒன்றுதான். தடுப்புக்கும் கைப்பிடிக்கும் இடையில் கொடுத்து வாங்கி, சுற்றிச் சுற்றி, இறுக்கி, முடிச்சு மேல் முடிச்சு போட்டாள். பூக்குவியலில் தடுப்பே தெரியவில்லை. கற்பூரம் காட்டினாள். எல்லோரும் ஒற்றிக்கொண்டோம். வேலியோரம் வேடிக்கை பார்க்க வந்திருந்த பக்கத்து நிலத்துக்காரரும், தோளில் சாமை மூட்டையோடு, நின்றவாறே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கண்ணாடி மாட்டி, காதில் பஞ்சு வைத்து, மெஷினை மிதித்து இழுத்தேன். எடுத்த எடுப்பில் பிடித்துக்கொண்டது. பெருமையோடு புளியமரத்தின் ஒரு கிளைமேல் வைத்து விசையை அழுத்தினேன். கர்ஜித்தது. செயின் அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். இன்னும் கர்ஜித்தது. கிளையில் ஒரு கீறல் இல்லை. எஞ்சின் பக்கத்திலிருந்து கருகல் நாற்றமும் புகையும் கிளம்பின.

"இன்னாடா, பொகதான் வருது?" அக்கா கத்தினாள். "கொசுவுக்குப் பொக அடிக்கிற மெஷினக் குடுத்து அனுப்சிட்டானா?"

நிறுத்தினேன். செயினின் இறுக்கத்தைப் பார்த்தேன். சரியாக இருந்தது. திரும்ப ஸ்டார்ட் செய்தேன். திரும்பப் புகை.

"கொசு ஒண்ணும் இல்ல இப்ப" என்றார் பக்கத்து நிலத்துக்காரர், நடுநிலையாக.

"கடையில ஓடிச்சுன்னியே?" அக்காவின் குரலில் கேலி போய் ஒரு கனிவு வந்துவிட்டது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கேலி செய்யும்வரை அக்கா சண்டையில் இருக்கிறாள் என்று அர்த்தம். கனிந்துவிட்டால், கீழே நாங்கள் குடிவரப் போகும் வீட்டுக்குத் திரைத்துணி எடுப்பது பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டாள் என்று அர்த்தம். "வுடு. உன் மேல தப்பில்ல. வயசாச்சில்ல நமக்கு. கீழயே வந்துடுங்க, நான் பாத்துக்கறேன்."

என் மனைவி வீட்டைப் பார்த்தாள், ஓட்டின்மேல் படர்ந்திருந்த அவரைக் கொடியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஆறுதல் வேண்டிய பார்வை அல்ல அது. ஏதாவது செய் என்று சொன்ன பார்வை.

குனிந்து மெஷினைத் தூக்கினேன். இடது கை கைப்பிடியைத் தேடிப் போய்ப் பூவுக்குள் புதைந்தது. விரல்களுக்கு அந்தத் தடுப்பு தட்டுப்பட்டது. அது முன்னால் சாய்ந்து கிடந்தது. சரத்தை இறுக்கும்போது அக்கா அதையும் சேர்த்து முன்னால் தள்ளிப் பூட்டியிருக்கிறாள். பின்னால் இழுத்துப் பார்த்தேன். இடைவெளி முழுக்கப் பூ. அசையவில்லை.

"அக்கா, நீ பிரேக்கப் போட்டு, அது மேல மால போட்டுக்கீற."

"நான் எங்கடா பிரேக்கப் போட்டேன்? பூசதான் போட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் இப்ப. அவுத்துடு."

"சாமிக்குப் போட்ட பூவ வாடறதுக்குள்ள அவுக்கக் கூடாது. மொத வேல முடியட்டும், அப்பறம் அவுக்கறேன்."

"அவுத்தாத்தான் மொத வேலையே நடக்கும்."

"மொத வேல நடக்காம அவுக்கறது அபசகுனம்."

அரசாங்க அலுவலகங்களில் கேட்ட தர்க்கம் இது. சான்றிதழ் கொண்டு வந்தால் விண்ணப்பம் தருவோம், விண்ணப்பம் போட்டால் சான்றிதழ் தருவோம். அங்கே வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தவன் நான். அன்று திரும்புவதாக இல்லை.

"அபசகுனம் என் பேர்ல இருக்கட்டும்க்கா. சாமி கேட்டா என் அட்ரஸு குடு. இங்கதான் இருப்பேன், மலை மேலதான்."

மனைவி ஏற்கெனவே அரிவாளோடு வந்துவிட்டாள். முடிச்சுகளை அறுத்தேன். அக்கா "அய்யய்யோ" என்று வாயைப் பொத்தினாள். என் மனைவி சரத்தைத் தரையில் விழ விடாமல் ஏந்தி, கண்ணில் ஒற்றி, ஒரு துண்டைக் கிள்ளித் தன் கொண்டையில் வைத்துக்கொண்டாள். இன்னொரு துண்டை அக்காவின் தலையில் செருகினாள். "பிரசாதம் அண்ணி. கீழ வெச்சாத்தான் தப்பு." அக்கா முறைத்தாள். பூவை எடுக்கவில்லை.

தடுப்பைப் பின்னால் இழுத்தேன். டக்கென்று வந்தது. கயிற்றை இழுத்தேன். கிளைமேல் வைத்ததும் மரத்தூள் பாவாடை விரித்தாற்போல் காலடியில் கொட்டியது. நான் மெஷினைக் கீழே அழுத்தவே இல்லை. மெஷினின் எடை மரத்தின்மேல், மரத்தின் எடை பூமியின்மேல். என் தோளுக்கு வேலை மிச்சம். கிளை இரண்டாகி விழுந்தபோது நான் ஏதோ கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அச்சில் ஏற்றக்கூடிய சொல்லும் அல்ல.

அன்று முழுவதும் அறுத்தேன். கையில் உப்புத்தாள் தேய்த்தாற்போல் எரிச்சல். நடுவில் பெட்ரோல் ஊற்றும்போது அக்கா வந்து அறுத்த துண்டுகளைக் காலால் புரட்டினாள். "ஒண்ணு நெட்ட, ஒண்ணு குட்ட. அடுப்புக்குள்ள எது போவும்? ஒரு அளவு வேணாமா?" என்றாள். பிறகு ஒரு துண்டை எடுத்து அளவுக்கு வைத்து, அதைவிட நீளமானதையெல்லாம் எனக்கே திருப்பித் தள்ளினாள். சாயங்காலம் அவளும் என் மனைவியும் விறகை வீட்டுச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடிமரம் மிச்சம் இருந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் அறுத்தேன். முப்பத்திரண்டு சரியாக வரவில்லை. நடுவில் ஒரு விரல் கனம் ஒட்டிக்கொண்டு நின்றது. உதைத்தேன், உடைந்தது. அந்த உருளைகளையும் மெஷினாலேயே நெடுக்காக அறுத்துப் போட்டதும், சுவரோரம் ஒரு மழைக்காலத்து விறகு சேர்ந்துவிட்டது.

மறுநாள் ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்தில் அக்கா ஒரு சாக்கு விறகோடு நின்றாள். குளிக்க வெந்நீர் போட என்றாள். கண்டக்டர், லக்கேஜுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார்.

"இன்னாத்துக்கு டிக்கெட்டு? கடையில வாங்கினதா இது?" அவள் படியில் நின்றுகொண்டு பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "எந்தம்பி கையால அறுத்தது. இங்கதான் கீது அவன் வூடு. இனிமே மாசா மாசம் வருவேன், மாசா மாசம் எடுத்துக்கினு போவேன். அப்பவும் கேப்பியா?"

"கேப்பேன்ம்மா" என்றார் கண்டக்டர்.

"கேளு. அப்பவும் குடுக்க மாட்டேன்."