சிங்கம் கடித்த கை

சூசை மேஸ்திரி இறந்த செய்தியைக் காசிமேட்டிலிருந்து மீன் கொண்டு வருகிற அம்மாள்தான் சொன்னாள், கூடையைக்கூட இறக்காமல். "உங்க மேஸ்திரி பூட்டாருய்யா. அதான், சிங்கம் கட்ச்ச கைக்காரரு." ராயபுரம் கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளும்போதும் துறைமுகத்துக் கூலிக்காரர்களே, உங்களில் நாலு பேர் அதையே சொல்லிச் சிரித்தீர்கள். அந்தக் கையைக் கடித்தது சிங்கம் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சம்மட்டி பிடித்த கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

துறைமுகத்துக்குள் தண்டவாளம் போட்ட எங்கள் ஆறு பேருக்கும் அவர்தான் மேஸ்திரி. எங்களுக்கு ஒரே சட்டம். அவர் "ஓங்கு" என்றால் சம்மட்டி மேலே போகும், "போடு" என்றால்தான் கீழே வரும். ஆணியைப் பிடித்திருப்பவனின் விரல் அந்தச் சொல்லை நம்பித்தான் அங்கே இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் சொல்லுக்கு முன்னால் போட்டுவிட்டேன். செவிட்டில் ஓர் அறை விட்டார். "சொல்லு வர்றதுக்கு முன்னாடி கை வந்துச்சினா நீ சம்மட்டிக்காரன் இல்லடா, கொலகாரன்!" மூன்று நாள் காது கொய்யென்றது.

துறைமுக வாசலுக்கு எதிரே நின்ற கல் தூணை மறந்திருக்க மாட்டீர்கள். அடியில் குடிதண்ணீர்க் குழாய். ஆள் உயரத்தில் கல்லிலேயே புடைப்பாகச் செதுக்கிய இங்கிலாந்து ராஜாவின் முத்திரை: நடுவில் கிரீடம், ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் ஒற்றைக் கொம்புக் குதிரை. வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் நம்மை லத்தியால் அடித்தது அந்தத் தூணடியில்தான். என் தம்பி கன்னியப்பனின் முடியைப் பிடித்து, அந்தச் சிங்கத்தின் மேல் மூன்று முறை மோதினான் ஒரு கான்ஸ்டபிள். மூன்றாவது மோதலில் எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. தம்பி மறுநாள் செத்தான். சிங்கத்தின் பிடரியில் காய்ந்த ரத்தத்தை மழை வந்துதான் கழுவியது.

வெள்ளைக்காரன் கப்பலேறிய பிறகு ஒரு காலையில், அதை உடைத்தே தீர்வதென்று துறைமுகத்து ஆட்கள் எல்லோரும் கிளம்பினோம். மேஸ்திரியே முன்னால் நடந்தார். "ஓங்கு! போடு!" கிரீடம் தெறித்தது. குதிரையின் கொம்பு போயிற்று. கல் சில்லு பட்டு என் நெற்றி கிழிந்தது. வலிக்கவே இல்லை, அவ்வளவு வெறி. சிங்கம் ஒன்றுதான் பாக்கி. அப்போது தடுக்க ஓடிவந்தான் ஒரு கான்ஸ்டபிள். அதே ஆள்!

கூட்டம் அவன் லத்தியைப் பிடுங்கி அவன் வாயிலேயே அடித்தது. பல் கொட்டியது. என் தம்பியை மோதிய அதே சிங்கத்தின் மேல் அவன் தலையை அழுத்திப் பிடித்தார்கள். "ஏழுமல, கொல்லுடா அவன!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்கள். யாரும் "ஓங்கு" சொல்லவில்லை. ஆறு சம்மட்டியும் தானாக மேலே போயின.

நாங்கள் மேஸ்திரியின் வாயைப் பார்த்தோம். அவர் "போடு" சொல்லவில்லை. "கீழ வைங்கடா. கல்ல ஒடைக்கத்தான் வந்தோம்" என்றார். ஐந்து பேர் கீழே வைத்தார்கள்.

நான் போட்டேன்.

மேஸ்திரி பாய்ந்து அவன் தலையை ஒரே தள்ளாகத் தள்ளினார். தலை விலகிவிட்டது. அவருடைய வலது கை சிங்கத்தின் மேலேயே இருந்தது. சிங்கத்தின் தாடையும் அவருடைய நான்கு விரல்களும் ஒரே அடியில் போயின. கான்ஸ்டபிள் எழுந்து ஓடிப் பிழைத்தான். "இன்னா ஆச்சி மேஸ்திரி?" என்று பின்னாலிருந்தவர்கள் முண்டியடித்து வந்தபோது, ரத்தம் கொட்டும் கையை வேட்டியில் சுருட்டிக்கொண்டு, "சிங்கம் கட்ச்சிடிச்சிடா" என்றார். பக்கத்திலிருந்த ஐவரும் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு அவர் சம்மட்டி தொடவில்லை. யானைக்கவுனியில் ஒரு கிடங்கு வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். அங்கே போய் அழுதேன். "நைனா, எல்லார்ட்டயும் உண்மைய சொல்லிட்றேன்."

"சொன்னா உன்ன உள்ள தள்ளிடுவான். உங்கம்மாவுக்கு ஒரு புள்ள போனது பத்தாதா? கம்முனு கெட. நான் சொல்ற வரைக்கும் வாய தொறக்காத."

அவர் கடைசிவரை சொல்லவில்லை. தூண் இருந்த இடத்தில் இப்போது சோடாக் கடை இருக்கிறது. அவருடையதாக என்னிடம் மிச்சமிருப்பது முதல் நாள் செவிட்டில் விழுந்த அந்த அறை மட்டும்தான். இதோ, இன்றும் உங்கள் சொல் வருவதற்கு முன்னால் போட்டுவிட்டேன், மேஸ்திரி. அறைய அந்தக் கை இல்லையே.