பன்னிரண்டாவது வரி

அலுமினியத் தட்டு சிமென்ட் தரையில் உரசும் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு ஆங்கிலம் நினைவுக்கு வரும். எழுபதுகளின் கடைசியில், ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டில், ஒரு மழைக்காலம் முழுவதும் அந்தத் தட்டுதான் ஆஸ்பத்திரித் தட்டு, கோரைப் பாய்தான் கட்டில், அதன்மேல் கண்ணை மூடி முனகிக்கொண்டு கிடந்த தங்கை சுகந்திதான் நோயாளி. பையனான நான்தான் பெரிய சிஸ்டர், அதாவது தலைமை நர்ஸ். "டேக் அவே" என்று நான் சொன்னால் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும். "டேக் ஆஃப்" என்றால் சுகந்தியின் மேல் கிடக்கும் போர்வையை உருவ வேண்டும். "டேக் ஹெர் இன்" என்றால் அவளைத் தாங்கிப் பிடித்து அடுப்படிப் பக்கம் நடத்திப் போக வேண்டும். நோயாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

அம்மா அப்போது 'தோல் ஷாப்பில்' சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வரும் தோல்களை அலசும் வேலையில் இருந்தாள். விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு தின்றுவிட்டதால் ரசத்தில் கைவைத்தால் எரியும் என்று கரண்டியால்தான் சாப்பிடுவாள். அதைப் பார்த்துத் தெருவில் 'துரைசானி' என்று கேலி செய்வார்கள். "ஆமா, லண்டன்லேர்ந்து நேத்துதான் வந்தேன்" என்பாள் அம்மா. அப்பா ஒரு லாரியோடு போனவர், திரும்பவில்லை. அதைப் பற்றி வீட்டில் அதிகம் பேசியதில்லை.

எங்கள் தெருவில் இருந்த நர்ஸ் கிரேஸ் அக்காதான், தான் வேலை செய்த சிறிய ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா வேலை காலியிருப்பதாகச் சொன்னவர். மாதச் சம்பளம், வெள்ளைச் சேலை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கை காய்ந்திருக்கும் வேலை. வார்டுக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டர் வேறு மாநிலத்துக்காரர். அவருக்குத் தமிழ் பிடிபடவில்லை. ஆயாக்களுக்கும் ஆங்கிலத்திலேயே சொல்வார், அதில் பாதிக்கு மேல் 'டேக்'கில்தான் தொடங்கும். வேலைக்கு எடுக்குமுன் இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லி, செய்ய வைத்துப் பார்ப்பார். கிரேஸ் அக்கா டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு தாளில் பன்னிரண்டு வரி எழுதிக் கொடுத்து, "உன் பையன்தான் ஏழாவது படிக்கிறானே, அவன் சொல்லித் தருவான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பது வரி எனக்குத் தெரிந்தது, அல்லது ஊகிக்க முடிந்தது. கடைசி மூன்றும் விளங்கவில்லை. வாத்தியாரைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். ஆனால் நான் மூன்று வாரமாகப் பள்ளிக்கூடமே போகவில்லை. காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, ரயில் நிலையத்தில் உட்கார்ந்து, காட்பாடிப் பக்கம் போகும் வண்டிகளையும் பெங்களூர் போகும் வண்டிகளையும் பார்த்துவிட்டு, மணி அடிக்கும் நேரத்துக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். தெரியாது என்று சொன்னால் வாத்தியாரைக் கேள் என்பாள் அம்மா. ஆகவே அடிமட்டம் வைத்து அந்த மூன்று வரியையும் நேராகக் கிழித்துவிட்டேன்.

அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும்.

"பன்னெண்டுன்னு இல்ல சொன்னா கிரேஸு?"

"மீதி மூணும் நர்ஸுங்களுக்குத்தாம்மா. ஆயாவுக்கு ஒம்போதுதான்."

"அப்ப சரி. எடுன்னா எடு, இதுக்கு எதுக்குடா இத்தினி வாலு?" என்று அலுத்துக்கொண்டே ஒவ்வொரு வாலையும் கற்றுக்கொண்டாள்.

பெரிய சிஸ்டர் வரச் சொன்ன நாளன்று கிறிஸ்துமஸுக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். மத்தியானம் திரும்பி வந்து, சேலையை மாற்றாமல் பாயில் உட்கார்ந்தாள்.

"எல்லாம் டக்கு டக்குனு செஞ்சேன். அப்புறம் இன்னாவோ சொன்னாங்க. டேக்குன்னது மட்டும்தான் தெரிஞ்சுது. நின்னுட்டேன். சிரிச்ச மொகமா மறுபடியும் டேக்குன்னாங்க. இன்னாத்த எடுக்கறதுன்னு சுத்திச் சுத்திப் பாத்தேன். எடுக்க அங்க ஒண்ணுமே இல்லடா."

நான் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டேன்.

வார்டு வேலை வேறொருத்திக்குப் போனது. அம்மாவுக்கு அதே ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் கொட்டகையில் இடம் கொடுத்தார்கள். சுண்ணாம்பிலிருந்து பிளீச்சிங் பவுடருக்கு மாறினாள். கரண்டி மட்டும் மாறவில்லை.

அந்த வருஷமே நான் பெங்களூர் வண்டியில் ஏறிவிட்டேன். கிழித்த வரிகளை ஊர் ஊராகத்தான் படித்தேன். பம்பாயில் ஆறு பேர் மூன்று பாயில் முறை வைத்துத் தூங்கியபோது 'டேக் டர்ன்ஸ்' தெரிந்தது. கிருஷ்ணகிரி ரோட்டில் கண் சொருகிய லாரி டிரைவர் ஸ்டீயரிங்கைக் கிளீனரான என்னிடம் விட்டபோது 'டேக் ஓவர்' தெரிந்தது. மூன்றாவது, ஹூப்ளியில் ஒரு ஹோட்டலில். கை நிறையத் தட்டுகளோடு தடுமாறி நின்ற என்னைப் பார்த்து, சாப்பிட வந்த ஒரு பெரியவர் மெல்லச் சொன்னார்: "டேக் யுவர் டைம்." மாஸ்டரிடம் அர்த்தம் கேட்டேன். "அவசரமில்ல, நிதானமா வான்றாருடா" என்றார். பெரிய சிஸ்டர் சிரித்த முகமாக அம்மாவிடம் சொன்னது என்னவென்று அந்த இடத்தில் புரிந்தது. அவர் அவளுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கிறார். அதை வாங்கிக்கொள்ளத் தெரியாமல் அவள் எடுக்க ஒரு பொருளைத் தேடியிருக்கிறாள்.

பல வருஷம் கழித்து ஊருக்கு வந்தபோது அம்மாவின் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. கரண்டியில் அள்ளிய கஞ்சி வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்தியது. வாய் தவறி, "டேக் யுவர் டைம்மா" என்றேன்.

"கடைசி வரிதானே அது?" என்றாள்.

நான் சிந்திய கஞ்சியைத் துடைக்கக் குனிந்தேன்.

"அந்தத் துண்டு உன் டவுசர் பாக்கெட்லதான் இருந்துச்சு. அந்த வேலை கைவிட்டுப் போனப்புறம், தொவைக்கறப்ப எடுத்தேன். கிரேஸுகிட்ட காட்டினேன், சொன்னா."

"ஏம்மா என்னைக் கேக்கல?"

"கேட்டா நீ ஓடிப் போயிடுவியேன்னு பாத்தேன்." இன்னொரு கரண்டி அள்ளினாள். "கேக்காமலேயே ஓடிட்ட."

அம்மா இப்போது இல்லை. அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் செருப்புக் கம்பெனிக் குடோன் இருக்கிறது. வார்டில் வேலை செய்பவர்களை இப்போது ஏஜென்சிக்காரர்கள் வேனில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். யாரும் யாருக்கும் பன்னிரண்டு வரி எழுதிக் கொடுப்பதில்லை. காய்கறி வண்டிக்காரர்கூட போனை வைக்கும்போது "டேக் கேர்ணா" என்கிறார்.

போன மாதம் கண்ணைக் காட்ட வேலூர் போயிருந்தேன். கவுன்டரில் கொடுத்த படிவத்தை வைத்துக்கொண்டு நான் திணறுவதைப் பார்த்து, உள்ளே இருந்த பெண், "டைம் எடுத்துக்கோங்க சார், அவசரமில்ல" என்றாள். எனக்குப் பின்னால் நல்ல கூட்டம், யாரோ உச்சுக் கொட்டினார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன்.