ஆட்டோ ஓட்டிய திரௌபதி

வேஷம் கட்டி முடித்துவிட்டால் மாணிக்கவேலைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, திரும்ப மாட்டார். "மாணிக்கம், டீ ஆறுதுபா" என்று ஆர்மோனியக்காரர் கத்தினாலும், கண்ணாடியைப் பார்த்துப் பொட்டைத் திருத்திக்கொண்டே இருப்பார். "அம்மா" என்றால்தான் தம்ளருக்குக் கை நீளும்.

மற்ற நாட்களில் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்கும் செவிலிமேட்டுக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மடியில் பட்டுப்புடவை மூட்டையோடு ஏறுபவர்களை, "தள்ளி உக்காருபா, காத்துக்கும் கொஞ்சம் எடம் உடு" என்று அடைத்துக்கொள்வார். கூத்துக் காலம் வந்தால் சுற்றுவட்டக் கிராமங்களின் பாரதக் கூத்தில் திரௌபதி அவர்தான். நிஜம் எது, வேஷம் எது என்பதில் அவருக்குக் குழப்பமே கிடையாது. "பொடவ கட்டினா அம்மா. அவுத்தா ஆட்டோ. இதுல இன்னா டவுட்டு?" மனைவி காந்தா இன்னும் தெளிவு. "ஊருக்குத்தான் நீ தாயி. வூட்ல ஒயுங்கா வெங்காயம் உரி."

போன சித்திரையில் இந்தத் தெளிவுக்கு ஒரு சோதனை வந்தது. ஊருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், பாரதப் போரின் முடிவை ஆடும் படுகளம். துரியோதனன் விழுந்து, திரௌபதி கூந்தல் முடிந்து, வெயிலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அம்சா என்ற பெண் மகள் அனுவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, வேஷம் கலைக்காத மாணிக்கவேலின் காலில் விழுந்தாள்.

"ஜொரம் எறங்கவே மாட்டேங்குது தாயே. கொஞ்சம் குங்குமம் வெச்சு உடு."

நெற்றியில் விரல் வைத்தார், சுட்டது. குழந்தை கண்ணைத் திறக்கவில்லை.

"டாக்டர்கிட்ட காமிச்சியாமா?"

"நீ இருக்கும்போது டாக்டர் எதுக்கு?"

மாணிக்கவேலுக்கு, நான் ஆட்டோக்காரன் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் இவள் வேறு சாமியைத் தேடிப் போவாள். முதுகை நிமிர்த்தி, கூத்துக் குரலை எடுத்தார்.

"உத்தரவு கொடுக்கிறேன், கேள்! இக்கணமே பெரியாஸ்பத்திரிக்குப் புறப்படு!"

"வண்டிக்கு எங்க போவேன் தாயே?"

திரௌபதி தன் ஆட்டோவைக் கிளப்பினாள். புஜத்து நகை கண்ணாடியில் இடிக்க, வழியெல்லாம் ஹாரன்தான். சிக்னலில் நின்ற போலீஸ்காரர் தடுக்கக் கையைத் தூக்கி, அப்படியே கும்பிட்டுவிட்டார்.

அவசரப் பிரிவில் நர்ஸ் மேலும் கீழும் பார்த்தாள். "சாமி, கொஞ்சம் ஓரமா நில்லுங்க." உடம்பில் தண்ணீரே இல்லை, நல்ல வேளை இப்போதாவது வந்தீர்கள் என்றார் டாக்டர். குளுக்கோஸ் ஏறியது. அம்சா, "ஆத்தா வாக்கு" என்று வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாள். குங்குமம் கேட்டு மாணிக்கவேலிடம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

சாயங்காலம் அனு கண் விழித்தாள். கட்டிலோரம் ஜிகினா மின்ன ஒரு முகம்.

"நீ நெஜ சாமியா?"

அம்சா மருந்து வாங்கப் போயிருந்தாள். மாணிக்கவேல் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு அந்தச் சின்னக் கையை எடுத்து, அரிதாரம் கரைந்த தன் தாடையில் வைத்துத் தேய்த்தார். முள் முள்ளாகக் குத்தியது. அனு களுக்கென்று சிரிக்க, அவர் வளையல் குலுங்க உதட்டின்மேல் விரலை வைத்தார்.