படகுத்துறையிலிருந்து பார்க்கையில்

செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு, மாலத்தீவில் ஒரு தீவின் கடலைப் பற்றி இரண்டு வருடம் தினமும் எழுதினேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. எங்கள் ஊரில் திரும்பின பக்கமெல்லாம் பாறை. கடல் வேண்டுமென்றால் திண்டிவனம் போய் பஸ் மாறி, மரக்காணமோ பாண்டிச்சேரியோ போக வேண்டும். நானே அதுவரை நாலைந்து தடவைதான் கடலைப் பார்த்திருந்தேன். அதுவும் முட்டி வரை நனைந்து திரும்பி வந்ததுதான்.

அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவள் என் தோழி. கல்லூரியில் மூன்று வருடமும் ஒரே பெஞ்ச். அவள் அவலூர்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் ஊர்த்தெருப் பெண். நான் காலனிப் பெண். என் டிபன் பாக்ஸில் கேட்காமல் கை விட்டுச் சாப்பிட்ட முதல் ஊர்த்தெருக்காரி அவள்தான். அதற்காகவே அவள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். படிப்பு முடிந்து சில வருடம் கழித்து, அந்தத் தீவில் ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பு வேலை கிடைத்துப் போனாள்.

அங்கே வருகிறவர்கள் எல்லாரும் அலைக்காகவே வருகிறவர்கள். தீவின் முனையில் தண்ணீருக்கு அடியில் ஒரு பவளத்திட்டு இருக்கிறது. எங்கோ தெற்கே அடித்த புயலில் கிளம்பின அலை நாலைந்து நாள் பயணம் செய்து வந்து, அந்தத் திட்டில் இடறி எழுந்து, ஒரே இடத்தில் உடையும். அதன் முகத்தில் பலகை போட்டுச் சறுக்குவார்கள். மணல் கரையில் விழுந்தால் மூக்கில் தண்ணீர் ஏறும், அவ்வளவுதான். பவளத்தில் விழுந்தால் தோல் உரிந்துவிடும். அதனால் அலை எவ்வளவு உயரம், ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் எத்தனை விநாடி, காற்று எந்தப் பக்கம், திட்டின் மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று தினமும் சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. விடுதி முதலாளிக்கு அதை நல்ல இங்கிலீஷில் எழுதித் தர வேண்டும். அவளுக்கு எழுத வராது, எனக்கு வரும்.

சாயங்காலம் நான் இணையத்தில் கிடைக்கும் அலை வரைபடங்களைப் பார்த்து, மறுநாளுக்கான கணிப்பை விருந்தினர் குழுவில் போடுவேன். காலையில் அவர்களுக்கு ஆறு மணி, நமக்கு ஆறரை, அவள் படகுத்துறை முனையில் நின்று கடலைப் பார்த்து எனக்குச் சொல்வாள். ஏழு மணிக்குள் கடைசி வரியை நான் போட்டுவிட வேண்டும். அந்த வரி எப்போதும், ‘இன்று காலை படகுத்துறையிலிருந்து பார்க்கையில்’ என்றுதான் தொடங்கும். எழுதுகிறவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்றார் முதலாளி. எனக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. முதல் நாளே நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டது ஒன்றுதான். பார்க்காததைச் சொல்லக் கூடாது. அந்த வரியை நம்பி ஒரு உயிர் தண்ணீரில் குதிக்கும்.

அலையின் உயரத்தை உடம்பை வைத்துச் சொல்வது அங்கே வழக்கம். முட்டியளவு, இடுப்பளவு, மார்பளவு, தலைக்கு மேல். யாருடைய இடுப்பு என்று முதல் மாதம் எங்களுக்குள் ஒரே சண்டை. அவள் நாலே முக்கால் அடி. அவளுக்குத் தலைக்கு மேல் போனது மற்றவர்களுக்கு மார்பைத் தாண்டாது. கடைசியில் அங்கிருந்த படகோட்டியின் இடுப்புதான் கணக்கு என்று ஒப்பந்தம் ஆனது. தன் இடுப்புக்கு இவ்வளவு மரியாதை இருப்பது அந்த மனிதருக்கு இன்று வரை தெரியாது.

முதல் வருடம் பத்து நாளில் நாலு நாள் என் கணிப்பு தப்பும். அவள் வீடியோ எடுத்து அனுப்பி, கண்டபடி திட்டுவாள். திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன். உயரத்தை மட்டும் பார்த்தால் கடல் காதில் பூ சுற்றிவிடும். எட்டு விநாடிக்கு ஒன்றாக வரும் இடுப்பளவு அலை விளையாட்டு. பதினாறு விநாடி இடைவெளியில் வருவது வேறு சங்கதி. அதற்குப் பின்னால் பெரிய தண்ணீர் வரும். காற்றே இல்லாத நாளிலும் வரும். நாலு அலை அடித்துவிட்டுப் பத்து நிமிடம் கடல் சும்மா கிடக்கும், பிறகு மறுபடியும் நாலு. படகுத்துறையில் கொஞ்ச நேரம் பொறுத்து நிற்கிற கண்ணுக்குத்தான் அது தெரியும், வரைபடத்துக்குத் தெரியாது. மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில்தான் எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கும். அங்கே லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்களிடம் நைனா பெருமையாகச் சொல்வார்:

“செஞ்சில ஒக்காந்துகினு கடல அளக்கறா எம் பொண்ணு.”

இரண்டாவது வருடம் வைகாசி கடைசியில் வீடியோ வருவது நின்றது. உப்புக் காற்றில் போன் கேமரா போய்விட்டதென்றாள். அதற்குப் பிறகு ஒரு வரி மட்டும் எழுதி அனுப்புவாள். ‘இடுப்பளவு, சுத்தமா இருக்குது.’ ‘மார்பளவு, மேக்காத்து.’ அதே சமயத்தில்தான் என் கணிப்பு பலிக்க ஆரம்பித்தது. நான் மார்பளவு என்று எழுதினால் அவளும் மார்பளவு என்பாள். நான் பத்து விநாடி என்றால் அவளுக்கும் பத்து. தொடர்ந்து மூன்று மாதம். எனக்குத் தலைகால் புரியவில்லை. உனக்குக் கடல் வசப்பட்டுவிட்டதடி என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டதுகூட உண்டு. இப்போது நினைத்தால் கூசுகிறது.

அந்த மூன்று மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் தப்பியது. ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு. கடல் குளம் போலக் கிடக்கும் என்று முந்தின நாள் எழுதியிருந்தேன். காலையில் அவள், ‘இன்னிக்கு மோசம், யாரையும் எறங்க வேணாம்னு போடு’ என்று அனுப்பியிருந்தாள். அப்படியே போட்டேன். எங்கே கோட்டை விட்டேன் என்று ஒரு வாரம் வரைபடங்களைத் தோண்டினேன். ஒரு காரணத்தையும் கண்டுபிடித்தேன், நோட்டில் எழுதியும் வைத்தேன்.

குழுவில் ஒரு அம்மா இருந்தார். பெங்களூர்க்காரர், பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். ஐம்பது வயதுக்குப் பிறகு அலைச்சறுக்கு கற்றுக்கொண்டவர், வருடத்தில் மூன்று தடவை அந்த விடுதிக்கு வந்துவிடுவார். இடுப்பளவுக்கு மேல் போனால் இறங்க மாட்டார். சாயங்காலமானால் எனக்கு ஒரு கேள்வி வரும். நாளைய கடல் எனக்கா, மற்றவர்களுக்கா? நானும் பதில் போடுவேன். இவர் ஒருத்தருக்காகவே இரண்டு தடவை கணக்குப் பார்ப்பேன்.

ஆவணியில் ஒரு நாள், நாளைய கடல் உங்களுக்குத்தான் என்று எழுதினேன். பெரிய அலை ஒன்று கிளம்பியிருந்தது, ஆனால் மறுநாள் ராத்திரிதான் வந்து சேரும் என்பது என் கணக்கு. காலையில் தோழியும், ‘இடுப்பளவு, திட்டு மேல தண்ணி நல்லா இருக்குது’ என்றாள். படகுத்துறையிலிருந்து பார்க்கையில் என்று தொடங்கி வரியைப் போட்டுவிட்டு இட்லி சாப்பிடப் போனேன்.

அலை பாதி நாள் முன்னாலேயே வந்துவிட்டிருக்கிறது. படகோட்டி அந்த அம்மாவிடம், இன்று கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறார். ஆனால் அவர்கள் போய் நின்றது கடல் சும்மா கிடக்கிற பத்து நிமிடத்தில். அந்த அம்மா போனில் என் வரியைக் காட்டி, இல்லை, இடுப்பளவுதான் என்று சொல்லிவிட்டுக் குதித்திருக்கிறார். அடுத்து வந்த அலை அவரைத் தூக்கிப் பவளத்தில் போட்டது. தொடையிலிருந்து கணுக்கால் வரை கிழிந்துவிட்டது, தோள்பட்டை இறங்கிவிட்டது. வேகப்படகில் தலைநகரத்துக்குக் கொண்டுபோனார்கள்.

மத்தியானம் முதலாளி போன் செய்தார். காலையில் கடலைப் பார்த்தது யார் என்று கேட்டார். என் தோழிதான், தினமும் அவள்தானே பார்க்கிறாள் என்றேன்.  அவள் வேலையை விட்டுப் போய் மூன்று மாதம் ஆகிறதே என்றார் அவர். காலையில் பார்த்துச் சொல்லத் தீவிலேயே வேறு ஆளை நான் ஏற்பாடு செய்துகொண்டதாக அவரிடம் அவள் சொல்லியிருக்கிறாள். பிறகு அந்த மனிதர் வெள்ளையாகவே ஒன்று கேட்டார். கல்யாணத்துக்குத்தானே ஊருக்கு வந்தாள், நீங்கள் போகவில்லையா?

 அவளுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. நாலாவது தடவைக்குப் பிறகு செய்தி வந்தது. வீட்டுக்கு வர வேண்டாம், நாளைக்கு அவலூர்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வா என்று.

பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. மூன்று மாதமாக இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டுதான் எனக்குக் கடல் காட்டியிருக்கிறாள். பஸ் ஸ்டாண்டு எதிரே ஜூஸ் கடையில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் புதுத் தாலிச் சரடு, கையில் காய்கறிப் பை. கொஞ்சம் பூசினாற்போல இருந்தாள். எனக்கும் சேர்த்துச் சாத்துக்குடி சொல்லியிருந்தாள். நான் அதைத் தொடவில்லை.

முதலில் அந்த அம்மாவுக்கு என்ன ஆனது என்று சொன்னேன். காதில் வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டாள். ஏன் என்று கேட்டேன்.

“உன்னக் கூப்புட வேணாம்னு மாப்ள வூட்ல சொல்லிட்டாங்க. தீவுலேர்ந்து வந்துட்டேன்னு சொன்னா, ஏன் வந்தேன்னு கேப்ப. அப்புறம் இன்னா சொல்றது?”

என்னைக் கூப்பிட முடியாது என்பது எனக்குப் புரியாத விஷயமா? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். கூப்பிட முடியலைடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்று முழுக்க அழுதுவிட்டு, மறுநாள் போனில் வாழ்த்துச் சொல்லியிருப்பேன். அதைச் சொன்னேன். அவள் ஸ்ட்ராவால் டம்ளரைக் கிளறிக்கொண்டிருந்தாள். சரி, தினமும் எதை வைத்து அனுப்பினாய் என்று கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம் நான் குழுவில் போட்ட கணிப்பைப் படித்து, அதையே கொஞ்சம் மாற்றி எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். மூன்று மாதம் நான் பெருமைப்பட்டது என் எழுத்து எனக்கே திரும்பி வந்ததற்குத்தான்.

“நீ எழுதறது எப்பவும் கரெக்டாத்தானடி இருக்குது,” என்றாள். “உன்ன நம்பித்தான் அனுப்பிச்சேன்.”

“நான் உன் கண்ண நம்பி எழுதினேன்.”

 கல்யாணம் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு முகூர்த்தம் என்று கேட்டேன். சொன்னாள்.  போனைத் திறந்து ஆனி மாத ஞாயிற்றுக்கிழமைச் செய்தியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். ஒரு வாரம் நான் மண்டையை உடைத்துக்கொண்ட அதே நாள். முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. செய்தி வந்திருந்தது ஆறு முப்பத்திரண்டுக்கு. அதை வெகுநேரம் பார்த்தாள்.

“அன்னிக்கு நீ எழுதுனதப் படிக்கக்கூட முடியலடி. சுத்தி ஆளுங்க. தெரியாம எதனா போட்டுட்டா யாருக்காவது ஆயிடும்னு பயமா இருந்துச்சு. அதான் யாரும் எறங்க வேணாம்னு போட்டுட்டேன்.”

அப்படியானால் பயம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் செய்துவிட்டாள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு வழி இருந்தது, அதையும் அவளே அடைத்துவிட்டாள். தாலி ஏறுகிற நேரத்தில்கூட யாருடைய உயிரோ நினைவுக்கு வந்திருக்கிறது. மற்ற நாட்களில் தினமும் காலையில் அதை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு எனக்கு இடுப்பளவு என்று எழுதியிருக்கிறாள். நான் எழுந்து வந்துவிட்டேன். பின்னாலேயே வந்து கையைப் பிடித்தாள், உதறிவிட்டேன். செஞ்சி பஸ் புறப்படும் வரை அவள் அங்கேயே நின்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மாவுக்கு எழுதினேன். அன்று காலை கடலை யாருமே பார்க்கவில்லை என்றும், பார்க்க வேண்டியவள் மூன்று மாதம் முன்பே தீவை விட்டு வந்துவிட்டாள் என்றும், நான் தமிழ்நாட்டில் செஞ்சி என்கிற ஊரில் இருந்துகொண்டு அவளை நம்பி மோசம் போனேன் என்றும் எழுதினேன். மோசம் போனேன் என்பதை இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன். மன்னிப்பும் கேட்டேன். முதலாளிக்கு இனி எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மாவிடமிருந்து பதில் வந்தது. ஒரு கையால் தட்டியிருப்பார் போலிருக்கிறது, அங்கங்கே எழுத்துப் பிழை. கால் தேறிவருகிறது, தோள்தான் சந்தேகம் என்று எழுதியிருந்தார். திட்டு எதுவும் இல்லை. கடைசியில் இப்படி இருந்தது:

“இரண்டு வருடமாகப் படகுத்துறையில் நிற்பது நீங்கள்தான் என்று நினைத்திருந்தேன். சீக்கிரம் எழுந்து வந்து உங்களைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். எழுந்ததே இல்லை. அன்று படகோட்டி சொல்லியும் குதித்தேன் என்றால், நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்றுதான்.”

என் தோழி மேல் எனக்கிருக்கும் கோபம் இன்னும் ஒரு துளிகூடக் குறையவில்லை. ஆனால் அந்தப் பதிலைப் படித்ததிலிருந்து, அவள் என்னை ஏமாற்றினாள் என்று யாரிடமும் வாய் திறந்து சொல்ல முடியவில்லை.